முதுகெலும்பு அறுவை மருத்துவரை எதை வைத்து நம்புவது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: அம்மாவுக்கு 58 வயது. மூன்று மாதமாக இடது காலில் வலி, முதுகிலும் வலி. எம்ஆர்ஐயில் எல்4-எல்5 இடத்தில், அதாவது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே, மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக வந்திருக்கிறது. எலும்பியல் படித்துவிட்டு முதுகெலும்பில் தனிப் பயிற்சி எடுத்த ஒரு மருத்துவர் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார். அவருடைய படிப்பு, ஃபெலோஷிப், அனுபவம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "இது போதுமா, இல்லை நியூரோ சர்ஜன்தான் வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் மனசு கடைசி வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. "பத்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார், எப்படி நம்புவது?" என்கிறீர்கள். ஆபரேஷன் என்ற முடிவுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது உங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் பட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

நானும் அதே வழியில் வந்தவன்தான். முதலில் எலும்பியல், பிறகு முதுகெலும்பு. இருபது வருஷத்துக்கு மேலாக வேறு எந்த ஆபரேஷனும் செய்வதில்லை. ஆகவே ஆர்த்தோ பக்கம் எனக்கு ஒரு சாய்வு இருக்கும், அதை மனசில் வைத்துக்கொண்டே படியுங்கள். இன்னொன்று, உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, அவருடைய படங்களையும் பார்க்கவில்லை. ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று நான் இங்கிருந்து சொன்னால் அது தப்பு. ஒரு முதுகெலும்பு மருத்துவர் எப்படி உருவாகிறார், எப்படி முடிவெடுக்க வேண்டும், அதில் எது உறுதி, எது இன்னும் சந்தேகம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

படிப்பிலிருந்து தொடங்கலாம். மருத்துவப் பட்டம் முடிக்க ஐந்தாறு வருஷம். அதன்மேல் எலும்பியல் பயிற்சி, நாட்டைப் பொறுத்து மூன்று முதல் ஆறு வருஷம் வரை. இந்த வருஷங்களில் கை முறிவு, இடுப்பு மூட்டு, முழங்கால், குழந்தைகளின் வளைந்த பாதம் என்று எல்லாம் வரும், முதுகெலும்பு அதில் ஒரு பகுதி மட்டுமே. அதற்குப் பிறகு முதுகெலும்புக்கென்று தனியாக ஒன்றிரண்டு வருஷம் செய்வதுதான் ஃபெலோஷிப். பரீட்சையை விட அதில் முக்கியம் ஒரு மூத்தவரின் பக்கத்திலேயே நிற்பது. அந்த வருஷத்தில் கை பழகும், அது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் பழகும். என் ஆசிரியரிடம் நான் இருந்த முதல் மாதம், வெளிநோயாளிகளில் யாருக்கெல்லாம் ஆபரேஷன் என்று நானாக ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். மாதக் கடைசியில் பார்த்தால் நான் குறித்தவர்களில் பாதிப் பேரை அவர் "ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பியிருந்தார். அவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்தபோது நடந்து வந்தார்கள். அந்த நோட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆர்த்தோவா நியூரோவா என்ற சண்டைக்கு வருவோம். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் காலில் வலி வருகிறது என்று உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிய கட்டுரை 1934-இல் பாஸ்டனிலிருந்து வந்தது. அதுவரை அப்படிப் பிதுங்கிய துண்டைக் குருத்தெலும்புக் கட்டி என்று நினைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் இரண்டு பேர். வில்லியம் மிக்ஸ்டர் நரம்பியல் அறுவை மருத்துவர், ஜோசஃப் பார் எலும்பியல் மருத்துவர். இந்த ஆபரேஷன் பிறந்ததே இரண்டு துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததால்தான். பிற்பாடு ஒவ்வொரு துறையும் தனக்குத் தெரிந்த பக்கமாக வளர்ந்தது. போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளை நிமிர்த்த 1950களில் பால் ஹாரிங்டன் எஃகுக் கம்பி வைக்க ஆரம்பித்தார், அவர் எலும்பியல்காரர். 1977-இல் மைக்ரோஸ்கோப் வைத்துச் சின்ன வெட்டில் டிஸ்க்கை எடுக்கும் முறையை எழுதிய யசார்கிலும் காஸ்பரும் நரம்பியல் பக்கத்தவர்கள். இன்றைக்கும் தண்டுவட உறைக்கு உள்ளே இருக்கும் கட்டி என்றால் நான் நியூரோ சர்ஜனிடம்தான் அனுப்புவேன். பெரிய வளைவைச் சரிசெய்வது பெரும்பாலும் ஆர்த்தோ வழி வந்தவர்களின் வேலை. உங்கள் அம்மாவுக்கு இருப்பது போன்ற டிஸ்க் பிரச்சினை நடுவில் இருக்கிறது. இரண்டு தரப்பும் அதைத் தினமும் செய்கிறது, ஒருவர் செய்தால் நன்றாக வரும், மற்றவர் செய்தால் வராது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆகவே இந்தக் கவலையை இறக்கி வைத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, அவருடைய வாரம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். திங்கட்கிழமை முழங்கால், செவ்வாய்க்கிழமை தோள், நடுவில் எப்போதாவது ஒரு டிஸ்க் என்றால் நான் யோசிப்பேன். வாரம் முழுக்க முதுகெலும்பு என்றால் நிம்மதி. "இதே ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை செய்வீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நிறையச் செய்பவர்களுக்குப் பொதுவாகச் சிக்கல் குறைவு என்பது பல ஆபரேஷன்களில் பார்த்த விஷயம். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. வந்தவர்களையெல்லாம் மேஜையில் ஏற்றினாலும் எண்ணிக்கை கூடும். "உங்களிடம் வருபவர்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால்தான் முதல் கேள்வியின் பதிலுக்கு அர்த்தம் வரும். என்னிடம் முதல்முறை வருகிறவர்களில் பெரும் பகுதியினர் ஆபரேஷன் இல்லாமலே திரும்பிப் போகிறார்கள்.

எம்ஆர்ஐ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். 1994-இல் வந்த ஒரு ஆய்வில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்கும் நன்றாக இருந்தவர்கள் 36 சதவீதம் பேர்தான். 2015-இல் இப்படி வலியில்லாத 3110 பேரின் படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். டிஸ்க் தேய்மானம் 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு, 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. நரை மாதிரிதான். 58 வயதில் யாருடைய முதுகைப் படம் எடுத்தாலும் ஏதாவது எழுதுவார்கள். ரிப்போர்ட்டில் "நரம்பை அழுத்துகிறது" என்று இருப்பதால் மட்டும் அம்மாவின் வலி அங்கிருந்துதான் வருகிறது என்று ஆகிவிடாது. படத்தில் இருப்பதும் உடம்பு சொல்வதும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும்.

உடம்பு எப்படிச் சொல்லும்? எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கினால் வழக்கமாக மாட்டுவது ஐந்தாவது இடுப்பு நரம்பு. அதன் வலி புட்டத்திலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்புறமாகப் போய், பாதத்தின் மேல்பக்கம் பெருவிரல் வரை வரும். மரத்துப்போவதும் அந்தப் பாதையில்தான். பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். இதற்கு ஒரு டிஸ்க் கீழே என்றால் வலி பின்பக்கமாக இறங்கி உள்ளங்காலுக்கும் சுண்டுவிரலுக்கும் போகும், ஒற்றைக் காலில் நுனிவிரல் ஊன்றி எழும்ப முடியாது. அதனால் என் அறையில் முதல் வேலை செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல்வது. பெருவிரலின் மேல் என் ஒரு விரலை வைத்து, "தூக்குங்கள், விடாதீர்கள்" என்பேன். இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். பிறகு குதிகாலில் நான்கு அடி, நுனிக்காலில் நான்கு அடி. படுக்க வைத்துக் காலை நீட்டியபடி தூக்குவேன். பாதத்தின் மேல் நாடி பார்ப்பேன், ஏனென்றால் நடந்தால் வரும் கால்வலி ரத்தக் குழாய் அடைப்பாலும் வரும். இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்ப்பேன். இவ்வளவுக்கும் ஏழெட்டு நிமிஷம் போதும். ஆகவே பத்து நிமிஷம் என்பது குறைவு இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் அம்மாவின் காலைத் தொட்டாரா, இல்லை கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாரா?

இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்க்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்த மூன்றாவது வருஷம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, தொடையில் வலி, நடக்க முடியவில்லை. எம்ஆர்ஐயில் நரம்புப் பாதை நன்றாகவே குறுகியிருந்தது. படம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் நான் அதற்கு மேல் தேடவில்லை. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது, தையலும் சுத்தமாக ஆறியது, ஆனால் வலி போகவில்லை. ஆறாவது வாரம் வந்தபோது பேச்சோடு பேச்சாக, "சாக்ஸ் போடத்தான் டாக்டர் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, காலைத் தூக்கி மடிமேல் வைக்க வரவில்லை" என்றார். அப்போதுதான் அவருடைய இடுப்பு மூட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். பாதி தூரம்கூடத் திரும்பவில்லை, முகம் சுருங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் மூட்டு முழுக்கத் தேய்ந்திருந்தது. அவருடைய வலி முதலிலிருந்தே அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். "முதல்நாளே பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூட்டு மாற்றத்துக்கு யாரிடம் போவது என்று கேட்டார். இன்றைக்கும் ஒவ்வொரு நோயாளியின் காலையும் திருப்பும்போது அவர் ஞாபகம் வரும்.

அடுத்து, உங்கள் அம்மாவுக்குக் கால்வலி அதிகமா, முதுகுவலி அதிகமா? நீங்கள் இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள், அளவு சொல்லவில்லை. டிஸ்க் ஆபரேஷன் கால்வலிக்கானது. அழுத்தும் துண்டை எடுத்தால் கால்வலி போவது பெரும்பாலும் உறுதி, பலர் மயக்கம் தெளிந்ததுமே அதை உணர்கிறார்கள். முதுகுவலி சிலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே இருக்கும். முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று: "இந்த ஆபரேஷனால் எது சரியாகாது?" இதற்குத் தயங்காமல் பதில் சொல்பவர் இந்த விஷயத்தை யோசித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். "எல்லாம் சரியாகிவிடும்" என்று பதில் வந்தால் எனக்கு உறுத்தும்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதும் முக்கியம். பிதுங்கிய துண்டை உடம்பே மெல்லக் கரைக்கிறது. படத்தில் பயமாகத் தெரியும் பெரிய துண்டுகள்தான் பல நேரம் அதிகமாகச் சுருங்குகின்றன. பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கால்வலி கணிசமாகக் குறைந்துவிடும். குறையாதவர்களை என்ன செய்வது என்பதற்கு நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வை நான் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன். ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடுமையான கால்வலி இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு பாதிக்கு மருந்தும் பொறுமையும், தாங்க முடியாவிட்டால் மட்டும் ஆபரேஷன். உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் போனது, அதில் சந்தேகமில்லை. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. வருஷக் கடைசியில் இரண்டு பக்கத்திலும் 95 சதவீதம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள்.

இதை அம்மாவின் நிலைமையில் வைத்துப் பாருங்கள். மூன்று மாதம் ஆகிவிட்டது, ஆகவே ஆபரேஷனைப் பற்றிப் பேசுவதற்கு இது சரியான நேரம்தான், அந்த மருத்துவர் அவசரப்படுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். அதே சமயம் பலம் குறையாமல் வெறும் வலி மட்டும் இருந்தால், இன்னும் ஆறு வாரம் பார்க்கிறேன் என்று அம்மா சொன்னால் அதுவும் நியாயம். அவர் இரவில் தூங்குகிறாரா, வீட்டுக்குள் நடமாட முடிகிறதா, வேலைக்குப் போயாக வேண்டுமா, ஆபரேஷன் என்றாலே நடுங்குகிறாரா, இவைதான் இங்கே தராசை எந்தப் பக்கமும் சாய்க்கும். இதையெல்லாம் மருத்துவர் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். உங்களிடம் இல்லை, அம்மாவிடம். மகனோ மகளோ பக்கத்தில் இருந்தால் நாங்கள் அவர்களைப் பார்த்தே பேசிவிடுகிறோம். ஆபரேஷன் மேஜையில் படுக்கப் போகிறவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். இது எங்கள் தொழிலில் பரவலாக இருக்கும் கெட்ட பழக்கம். நானும் பல முறை செய்திருக்கிறேன்.

காத்திருக்கவே கூடாத சில நேரங்கள் உண்டு. சிறுநீர் வருவது தெரியாமல் போவது, அடைத்துக்கொள்வது, மலத்தை அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடத்தில் இரண்டு தொடைக்கு நடுவே மரத்துப்போவது, இரண்டு காலும் ஒரே சமயத்தில் தளர்வது. இவற்றில் ஒன்று வந்தாலும் நரம்புக் கொத்து முழுக்க நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே, ராத்திரி என்றாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டு நாளைத் தாண்டினால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகக்கூடும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இவையும் வேறு கணக்கு. கூச்சத்தால் பலர் சிறுநீர் விஷயத்தைச் சொல்வதில்லை. அம்மாவும் உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். நேராகக் கேட்டுவிடுங்கள்.

சரி, சந்தேகமான இடங்களைப் பார்ப்போம். வெறும் முதுகுவலிக்காக ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து எலும்பை இணைப்பது, அதாவது ஃபியூஷன், இருப்பதிலேயே பெரிய விவாதம். 2001-இல் ஸ்வீடனில் வந்த ஆய்வு ஆபரேஷன் நல்லது என்றது. 2005-இல் பிரிட்டனில், தீவிரமான உடற்பயிற்சி மறுவாழ்வோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் வரவில்லை. எலும்பு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியிருந்தால், முறிந்திருந்தால், கிருமி அரித்திருந்தால் ஸ்க்ரூவுக்குக் காரணம் உண்டு. முதல்முறையாக ஒரே ஒரு டிஸ்க் பிதுங்கிக் கால்வலி மட்டும் இருப்பவருக்கு வழக்கமாகத் தேவையில்லை. உங்கள் மருத்துவர் ஸ்க்ரூ பற்றிப் பேசியிருந்தால் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள், சொல்லும்படியான காரணம் இருந்தால் சொல்வார். சின்னத் துளை, எண்டோஸ்கோப், லேசர், ரோபோ என்று பெயர்கள் நிறைய வரும். சின்ன வெட்டில் தசை குறைவாகக் கிழிபடும், முதல் சில நாட்கள் வலி குறைவாக இருக்கலாம். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வதும் எண்டோஸ்கோப் வைத்துச் செய்வதும் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வருகின்றன. எந்தக் கருவி என்பதை விட அந்தக் கருவியில் அவர் கை எவ்வளவு பழகியது என்று பார்ப்பேன். லேசர் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. ரோபோ ஸ்க்ரூவைச் சரியான இடத்தில் வைக்க உதவும், ஸ்க்ரூ வேண்டுமா என்பதை அது சொல்லாது.

எங்கள் துறைக்கே ஒரு பாடம் 2009-இல் கிடைத்தது. எலும்பு மெலிந்து நொறுங்கிய முதுகெலும்பில் சிமெண்ட் செலுத்தும் முறையை உலகம் முழுக்கச் செய்துகொண்டிருந்தோம், நோயாளிகளும் வலி குறைந்தது என்றார்கள். பாதிப் பேருக்குச் சிமெண்ட் செலுத்தாமல், செலுத்தியது போல மட்டும் செய்து ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. இரண்டு பக்கமும் வலி ஒரே அளவுக்குத்தான் குறைந்திருந்தது. யாருக்கு, எந்தக் கட்டத்தில் செய்தால் பலன் என்ற விவாதம் அதன்பிறகும் ஓயவில்லை. நேற்று முழு நம்பிக்கையோடு செய்ததை இன்று நிறுத்தத் தயாராக இருக்கிற மருத்துவரைத்தான் நான் என் வீட்டாருக்குத் தேடுவேன்.

தியேட்டருக்குள் நடப்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் தொழிலில் மிகவும் பயப்படும் தவறுகளில் ஒன்று, பக்கத்து டிஸ்க்கைத் திறந்துவிடுவது. முதுகைத் திறந்து பார்த்தால் எலும்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், நம்பர் எழுதியிருக்காது. அதனால் ஒரு ஊசியைக் குத்தி வைத்து எக்ஸ்ரே எடுத்துக் கீழிருந்து மேலாக எண்ணுவோம். சிலருக்கு இடுப்புப் பகுதியின் கடைசி முதுகெலும்பு கீழே ஒட்டிப் பிறந்திருக்கும், சிலருக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். அங்கேதான் எண்ணிக்கை பிசகும். நான் முந்தைய நாளே படங்களை வைத்து எண்ணிவிட்டு, மேஜையில் இரண்டு தடவை எண்ணுவேன், உதவியாளரைத் தனியாக ஒரு தடவை எண்ணச் சொல்வேன். "இடத்தை எப்படி உறுதி செய்வீர்கள்?" என்று நீங்கள் கேட்டால் மருத்துவர் சந்தோஷமாகவே விளக்குவார். யார் செய்கிறார்கள், பயிற்சியில் இருப்பவர் எந்தப் பகுதியைச் செய்வார் என்பதையும் கேட்கலாம். பயிற்சியாளர் கை வைப்பதே தப்பு என்று நினைக்காதீர்கள், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதுதான் விஷயம்.

சிக்கல்களைப் பற்றி நேர்மையான பேச்சு வேண்டும். எடுத்த டிஸ்க் அதே இடத்தில் மறுபடி பிதுங்குவது 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு நடக்கிறது. நரம்பு உறை கிழிந்து நீர் கசிவது சிலருக்கு, பெரும்பாலும் அங்கேயே தைத்துச் சரிசெய்துவிடலாம். கிருமித் தொற்று அரிது, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கூடும். நரம்புக்கே காயம் படுவது மிக அரிது, ஆனால் பூஜ்ஜியம் இல்லை. புகைப்பவர்களுக்கு எலும்பு இணைவது தாமதமாகும், அதனால் ஃபியூஷன் என்றால் நிறுத்தச் சொல்வோம். இந்த எண்களைச் சொன்ன பிறகு, "உங்கள் கையில் எப்படி?" என்று கேளுங்கள். தனக்குச் சிக்கலே வந்ததில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் கணக்கு வைக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மருத்துவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை முன்கூட்டி அறிவது கஷ்டம், ஆனால் அவரிடம் செய்துகொண்டவர்களைக் கேட்டால் தெரியும். நன்றாக ஆனவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். வலி போகாதவர் ஒருவர் கிடைத்தால் அவரிடம் கேளுங்கள்: "அப்புறமும் உங்களைப் பார்த்தாரா?" வலி மீண்டும் வந்தவரை உதவியாளரிடமும் பிசியோதெரபிக்கும் தள்ளிவிட்டு ஒதுங்குபவர்கள் உண்டு. நாற்காலியை இழுத்துப்போட்டு முதலிலிருந்து பேச ஆரம்பிப்பவர்களும் உண்டு. நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது: கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து வார்டில் இருந்த 120 பேரிடம் ஒரு சின்ன ஆய்வு செய்து 2012-இல் வெளியிட்டார்கள். மருத்துவர் சிலரை நின்றபடி பார்த்தார், சிலரை உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்து பேசியபோது அவர் அதிக நேரம் இருந்ததாக நோயாளிகளுக்குத் தோன்றியது, உண்மையில் நேரம் கூடவில்லை. அதைப் படித்த பிறகு நான் ரவுண்ட்ஸில் நிற்பதை விட்டுவிட்டேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை போர்வையை விலக்கி, அதே பெருவிரலில் விரலை வைத்து, "தூக்குங்கள்" என்று சொல்லும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால், நோயாளி அதற்கப்புறம் தானாகப் பேச ஆரம்பிப்பார். ராத்திரி பயந்தது, கனவு கண்டது, யாரிடமும் சொல்லாத மரத்துப்போதல், எல்லாம் அப்போதுதான் வரும்.

இரண்டாவது கருத்து கேட்பதில் தயக்கம் வேண்டாம். அவசரக் குறி எதுவும் இல்லாத வரை ஒரு வாரம் ஒன்றும் ஆகிவிடாது. ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாமல் படங்களை முழுசாக எடுத்துப் போங்கள், நாங்கள் ரிப்போர்ட்டை விடப் படத்தைத்தான் பார்க்கிறோம். முதல் மருத்துவர் என்ன சொன்னார் என்பதை இரண்டாமவர் பரிசோதித்து முடித்த பிறகு சொல்லுங்கள், அப்போதுதான் அவர் தானாக யோசிப்பார். முடிந்தால் இரண்டாமவர் நியூரோ சர்ஜனாக இருக்கட்டும், உங்கள் முதல் சந்தேகமும் தீரும். இரண்டு பேரும் ஒரே நரம்பைச் சொன்னால் நல்லது. வேறுவேறு சொன்னால் யார் பெரியவர் என்று பார்க்காதீர்கள். யார் அம்மாவின் காலைப் பார்த்துச் சொன்னார், யார் படத்தைப் பார்த்துச் சொன்னார் என்று பாருங்கள்.

இன்று சாயங்காலமே நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அம்மாவைச் சுவர் ஓரமாக நிற்க வைத்து, விழாமல் பக்கத்தில் நின்றுகொண்டு, குதிகாலில் நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள். பிறகு உட்கார வைத்து இரண்டு பெருவிரலையும் மேலே தூக்கச் சொல்லி, உங்கள் விரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே பலத்தோடு இருந்தால் மேலே சொன்னபடி நிதானமாகக் கேள்விகளைக் கேட்டு முடிவெடுக்க நேரம் இருக்கிறது. இடது பக்கம் தளர்ந்து கீழே இறங்கினால், நடக்கும்போது பாதம் தரையில் தட்டினால், இந்த ஆறு வாரக் கணக்கை விட்டுவிட்டு அந்த மருத்துவருக்கு இன்றைக்கே ஃபோன் செய்யுங்கள்.